ஐம்பத்து மூன்று பல்

பதினெட்டுப் பல் உள்ள ஒரு சிறிய கியர், ஐம்பத்து நான்கு பல் உள்ள பெரிய கியரைச் சுழற்றுகிறது. சிறியது மூன்று சுற்றுப் போனால் பெரியது ஒன்று. காகிதத்தில் இதைவிட ஒழுங்கான ஜோடி கிடைக்காது. ஆனால் கியர் வடிவமைப்பில் ஊறியவர்களிடம் காட்டினால், பெரும்பாலும் 54-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 53 என்று எழுதுவார்கள். வேகம் மிகச் சரியாக மூன்றில் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் 53தான் நல்லது என்பார்கள்.

காரணம் ஆறாம் வகுப்புக் கணக்கு. சிறிய கியரின் பற்களுக்கு 1 முதல் 18 வரையும், பெரியதன் பற்களுக்கு 1 முதல் 54 வரையும் எண் போடுங்கள். சிறியதன் முதல் பல் முதல் சுற்றில் பெரியதன் 1-ஆம் பல்லைத் தொடும். அடுத்த சுற்றில் 19. அதற்கடுத்து 37. பிறகு மறுபடியும் 1. ஆயுள் முழுக்க இந்த மூன்றைத் தவிர வேறொரு பல்லை அது பார்க்கப் போவதில்லை. அந்தப் பல்லில் சின்னப் பிசிறு இருந்தால் அதே மூன்று பற்கள்தான் அடிவாங்கும், அங்கே மட்டும் தேயும், அங்கிருந்து சத்தம் கிளம்பும். இப்போது 53 என்று மாற்றுங்கள். 18-க்கும் 53-க்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. மீச்சிறு பொது மடங்கு 954. ஆகவே, பழைய இரண்டு பற்கள் மறுபடி சந்திப்பதற்குள் சிறிய கியர் 53 முறை சுற்றிவிடும். அதற்குள் அதன் ஒவ்வொரு பல்லும் பெரியதன் எல்லாப் பற்களையும் தொட்டுவிட்டிருக்கும். தேய்மானம் எல்லோர் தலையிலும் சமமாக விழுகிறது. எஞ்சினியர்கள் இதற்கு ‘ஹண்டிங் டூத்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு மணிகள் எப்போது சேர்ந்து ஒலிக்கும் என்று பள்ளியில் போட்ட கணக்குதான் இது. அங்கே சேர்ந்து ஒலிக்கும் நேரத்தைத் தேடினோம், இங்கே அதை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று பார்க்கிறோம். அவ்வளவே வேறுபாடு.

55 போட்டாலும் 18-உடன் பொதுக் காரணி வராது. ஆனால் 53 பகா எண். தன்னைவிடச் சிறிய எந்தக் கியரோடு கோத்தாலும் அது சார்பகா எண்ணாகவே நிற்கும். ஓடும்போது இவ்வளவு நல்ல எண்ணாக இருப்பது, வெட்டும்போது முரண்டு பிடிக்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே குணம்.

வெட்டுகிற இடத்துக்குப் போவோம். குன்றத்தூரை ஒட்டியிருக்கிறது திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பரவிக் கிடக்கும் வாகனத் தொழிலைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளின் உலகம் இது. லேத், மில்லிங், கிரைண்டிங், இப்போது சி.என்.சி. ஒரே மாதிரி ஆயிரம் கியர் வேண்டுமென்றால் ஹாபிங் மிஷினில் ஓட்டிவிடலாம். ஆனால் ஒரு பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு கியர் உடைந்துபோய், அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று யாராவது துணியில் சுற்றி எடுத்து வந்தால்? அதற்கு மில்லிங் மிஷின் மேசையில் பூட்டும் டிவைடிங் ஹெட் போதும். ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் பிரிவில் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதன் கைப்பிடியைச் சுற்றியிருப்பார்கள்.

தமிழில் எண்களைப் பற்றி எழுதினால் ராமானுஜனில் தொடங்கி ராமானுஜனில் முடிப்பது வழக்கம். இந்த அத்தியாயத்தில் அவருக்கு வேலை இல்லை. இங்கே தேவைப்படுவது பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் பாடம் மட்டுமே. ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற தலைப்பில் யூக்ளிடின் வகுத்தல், பகாக் காரணிகள், மட்டு எண்கணிதம் எல்லாம் அதில்தான் வருகின்றன.

டிவைடிங் ஹெட்டின் உள்ளே 40 பல் கொண்ட வொர்ம் சக்கரம் இருக்கிறது. கைப்பிடியை 40 முறை சுற்றினால், கியராக மாறப்போகும் இரும்புத் துண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். ஆகவே N பல் வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை 40/N சுற்று நகர்த்த வேண்டும். 20 பல் என்றால் இரண்டு சுற்று. 36 பல் என்றால் 40/36, சுருக்கினால் 10/9, அதாவது ஒரு சுற்றும் ஒன்பதில் ஒரு பங்கும். அந்த ஒன்பதில் ஒரு பங்கைக் கண்ணால் அளக்க முடியாது. அதற்காகத்தான் கைப்பிடிக்குப் பின்னால் வட்ட வட்டமாகத் துளையிட்ட இண்டெக்ஸ் பிளேட் இருக்கிறது. 18 துளை உள்ள வட்டத்தில் இரண்டு துளை தள்ளி ஊசியைச் சொருகினால் ஒன்பதில் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

பிரௌன் அண்ட் ஷார்ப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளேட்டுகளே பாடப்புத்தகங்களில் எடுத்துக்காட்டாக வரும். மொத்தம் மூன்று பிளேட். முதலாவதில் 15, 16, 17, 18, 19, 20 துளை வட்டங்கள். இரண்டாவதில் 21, 23, 27, 29, 31, 33. மூன்றாவதில் 37, 39, 41, 43, 47, 49.

இந்தப் பதினெட்டு எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 17-லிருந்து 47 வரை உள்ள பகா எண் ஒன்றுகூட விடுபடவில்லை. 11 தனியாக இல்லை, 33-க்குள் இருக்கிறது. 13 வேண்டுமா, 39 இருக்கிறது. 7-க்கு 21, அதன் வர்க்கத்துக்கு 49. ஆனால் 25 துளை வட்டம் எங்கே? 32? தேவையில்லை. 40-க்குள் ஒரு 5-உம் மூன்று 2-உம் இருப்பதால் அவை சுருக்கும்போதே அடிபட்டுப் போகும்: 40/25 என்பது 8/5, 40/32 என்பது 5/4. விதி இதுதான். 40/N-ஐச் சுருக்கிய பிறகு கீழே நிற்கும் எண், ஏதாவது ஒரு வட்டத்தின் துளை எண்ணிக்கையை மீதியின்றி வகுக்க வேண்டும். ஒரு பென்சில் எடுத்து 1 முதல் ஒவ்வொன்றாகச் சோதித்தால், 50 வரை எல்லா எண்ணும் தேறிவிடும். ஒரு மாலைப் பொழுதுக்கு ஏற்ற பயிற்சி. பின்னம் சுருக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடலாம்.

முதல் தோல்வி 51-இல் வருகிறது. பகா எண்ணாக இருக்கும் என்றுதான் பலர் முதலில் நினைப்பார்கள், ஆனால் 51 என்பது 3 × 17. பதினேழு துளை வட்டம் இருக்கிறது. மூன்றால் வகுபடும் வட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. இரண்டும் சேர்ந்த 51 துளை வட்டம்தான் இல்லை. 40/51-ஐச் சுருக்கவும் முடியாது.

ஒரே நகர்வில் முடியாததை இரண்டு நகர்வில் செய்யலாமா? முதலில் ஒரு வட்டத்தில் கொஞ்சம். பிறகு பிளேட்டின் பின்பக்க ஊசியை விடுவித்து, பிளேட்டையும் கைப்பிடியையும் சேர்த்து இன்னொரு வட்டத்தில் கொஞ்சம். இதற்குக் காம்பவுண்ட் இண்டெக்சிங் என்று பெயர். நமக்கு வேண்டியது a/17 + b/3 = 40/51. பகுதிகளைச் சமமாக்கினால்:

3a + 17b = 40

இரண்டு மாறிகள், ஒரே சமன்பாடு. பள்ளியில் இதைப் பார்த்தவுடன் ‘இன்னொரு சமன்பாடு எங்கே’ என்று கேட்கப் பழகியிருக்கிறோம். a, b இரண்டும் முழு எண்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அந்த இன்னொரு சமன்பாடு. மூன்றால் வகுத்து மீதியை மட்டும் பாருங்கள். 17-இன் மீதி 2, 40-இன் மீதி 1. ஆக 2b-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். b = 2 சரியாக இருக்கிறது. உடனே a = 2. சரிபார்ப்போம்: 6 + 34 = 40. பட்டறை மொழியில் சொன்னால், 17 துளை வட்டத்தில் இரண்டு துளை, 15 துளை வட்டத்தில் பத்துத் துளை (மூன்றில் இரண்டு பங்கு). இரண்டு வட்டமும் முதல் பிளேட்டிலேயே இருப்பது நம் அதிர்ஷ்டம், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு பிளேட்டைத்தான் மாட்ட முடியும்.

கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் இந்த வகைச் சமன்பாட்டுக்குப் பொதுவான வழி இருக்கிறது. குட்டகம் என்று பின்னால் பெயர் பெற்ற முறை அது. பெரிய எண்ணை மீதியால் தட்டித் தட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போவதுதான் அதன் உத்தி. கிரகங்களின் சுற்றுகளைக் கணக்கிட அவருக்கு அது தேவைப்பட்டது.

57-க்கு நீங்களே போட்டுப் பாருங்கள். 57 = 3 × 19, சமன்பாடு 3a + 19b = 40. விடை a = 7, b = 1. சிக்கலில்லை. ஆனால் அடுத்து 63-ஐ எடுங்கள். 63 = 7 × 9. இப்போது a/7 + b/9 = 40/63, அதாவது 9a + 7b = 40. a-க்கு 0, 1, 2, 3, 4 என்று வைத்துப் பார்த்தால் மிச்சம் 40, 31, 22, 13, 4. ஒன்றுகூட ஏழால் வகுபடவில்லை. முடியாதா? முடியும், ஒன்று எதிர்த் திசையில் போக வேண்டும்: a = −1, b = 7. ஒன்பதில் ஏழு பங்கு முன்னே, ஏழில் ஒரு பங்கு பின்னே. இரண்டாம் பிளேட்டில் 27 துளை வட்டத்தில் 21 துளை முன்னால், 21 துளை வட்டத்தில் 3 துளை பின்னால். எதிர்ம எண் எதற்கு என்று கேட்கும் மாணவருக்குக் காட்ட இதைவிடக் கெட்டியான பொருள் எனக்குத் தெரியவில்லை. பின்னால் சுற்றும்போது வொர்மில் உள்ள பிளே (பற்களுக்கு இடையிலான தளர்வு) குழப்பும் என்பது வேறு சங்கதி. கூடுதலாகப் பின்னே போய் மறுபடி முன்னே வந்து நிறுத்துவார்கள்.

பயிற்சி என்றால் என்ன என்று இந்த இடத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நம் வீடுகளில் கணக்குப் பயிற்சி என்பது ஒரே வகைக் கணக்கை எண்களை மட்டும் மாற்றி இருபது முறை போடுவது. கை பழகும், தேர்வில் நேரம் மிச்சமாகும், அதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 51, 57, 63 என்ற வரிசையில் மூன்றாவதில் தடுக்கியதே, அதுதான் பயிற்சி. ஒரு கணக்கு முடிந்ததும் அதில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, ‘இப்போதும் இது நடக்குமா’ என்று கேட்கும் பழக்கம் வந்தால், இருபது கணக்கின் வேலையை மூன்று கணக்கு செய்துவிடும். 1965-இல் சென்னையில் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் திறனறித் தேர்வின் கேள்விகள் பலவும் இந்த ரகம்தான். பாடத்திட்டத்துக்கு வெளியே எதுவும் வேண்டாம், ஆனால் மனப்பாடம் உதவாது.

இப்போது 53.

இதைப் பிரிக்க முடியாது, பகா எண். சரி, மூன்று நகர்வு, நான்கு நகர்வு என்று அடுக்கினால்? பல பிளேட்டுகளை மாற்றி மாற்றி மாட்டினால்? பத்தாம் வகுப்பில் வழக்கமாக வரும் ஒரு கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்: 6-ஐ எத்தனை முறை தன்னாலேயே பெருக்கினாலும், கடைசி இலக்கம் 0 ஆகுமா? ஆகாது. 0-இல் முடிய வேண்டுமென்றால் 2-உம் 5-உம் காரணிகளாக இருக்க வேண்டும். 6-இலிருந்து 2-உம் 3-உம்தான் வரும், எவ்வளவு பெருக்கினாலும் 5 முளைக்காது. இரண்டு மதிப்பெண்.

53-க்கும் அதே இரண்டு மதிப்பெண் விடைதான். பிளேட்டுகளிலிருந்து கிடைக்கும் பின்னங்களை எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும், விடையின் பகுதியில் அந்தத் துளை எண்களின் பகாக் காரணிகள் மட்டுமே இருக்கும். பட்டியலில் 47-க்கு மேல் பகா எண் இல்லை. 53 எங்கிருந்தும் வராது. இரவு முழுவதும் துளை எண்ணினாலும் வராது. நூறு சேர்க்கைகளை முயன்று தோற்றவர் ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்பார். காரணிப்படுத்தத் தெரிந்தவர் ‘கிடைக்காது’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். பள்ளி எண்கணிதத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்த ‘கிடைக்காது’தான். வேறு எந்தப் பாடத்திலும் பதினைந்து வயதில் இவ்வளவு உறுதியோடு ஒன்றை முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை கிடைப்பதில்லை.

அடுத்த வேலை என்பது கணக்கைப் பொய்யாகத் தொடங்குவது. 53 வேண்டாம், 56 பல் வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 40/56 = 5/7, இது 21 துளை வட்டத்தில் 15 துளை, எளிது. ஆனால் இப்படி 53 முறை நகர்த்தினால் கைப்பிடி 265/7 சுற்றுதான் போயிருக்கும். 40 சுற்று ஆக இன்னும் 15/7 சுற்றுக் குறை. அந்தக் குறையைப் பிளேட்டே ஈடுகட்டட்டும்! இரும்புத் துண்டு சுற்றும் அச்சிலிருந்து கியர்களைக் கோத்துப் பிளேட்டுக்கு இணைத்துவிட்டால், துண்டு ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் பிளேட்டும் நைசாக 15/7 சுற்று முன்னே நகரும். இதுதான் டிஃபரென்ஷியல் இண்டெக்சிங். உடன் தரும் கியர் செட்டில் 24, 28, 32, 40, 44, 48, 56, 64, 72, 86, 100 என்ற பற்கள் உண்டு. 15/7-ஐ அவற்றிலிருந்து எடுக்க வேண்டும்: மேலே 40-உம் 72-உம், கீழே 28-உம் 48-உம். 2880/1344 = 15/7. மறுபடியும் காரணிப்படுத்தல்தான், வேறொன்றுமில்லை. காம்பவுண்ட் முறையைப் பட்டறைகள் கைவிட்டுவிட்டு இதற்கு வந்துவிட்டன. 51 முறை இரட்டை நகர்வு என்றால் எங்கேயாவது ஒரு துளை தப்பும், தப்பினால் அந்த இரும்பு பழைய இரும்புக் கடைக்குத்தான்.

லேத்தில் இன்னொரு பிடிவாதமான பகா எண் உண்டு: 127. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதாவது 127/5. அங்குல அளவில் செய்த பழைய லேத்தில் மெட்ரிக் மரை போட வேண்டுமென்றால், துல்லியம் வேண்டுவோருக்கு 127 பல் கியர் இல்லாமல் கதியில்லை. அந்தக் கியர் இல்லாத பட்டறை? 127/100-க்கு அருகில் சின்ன எண்களில் ஒரு பின்னம் தேட வேண்டும். 127-ஐ 100-ஆல் வகு, மீதி 27. 100-ஐ 27-ஆல் வகு, மீதி 19. 27-ஐ 19-ஆல். இப்படியே யூக்ளிடின் வழியில் இறங்கி, கிடைத்த ஈவுகளை வைத்து மேலே ஏறினால் 5/4, 14/11, 33/26, 47/37 என்று வரிசையாக வரும். 47/37-இன் பிழை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

இப்படி எண்ணெய்க் கறை படிந்த பின்னங்களைத் தேடியவர்களில் ஒருவர் பாரிஸ் கடிகாரக்காரர் அசில் புரோக்கோ. கடிகாரக் கியர்களுக்காக 1861-இல் அவர் வெளியிட்ட முறையும், அதற்குச் சற்று முன் 1858-இல் ஜெர்மானியக் கணிதர் மோரிட்ஸ் ஸ்டெர்ன் எழுதியதும் ஒன்றே. இன்று ஸ்டெர்ன்–புரோக்கோ மரம் என்று கல்லூரியில் படிக்கிறார்கள். நம் பக்கம் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் நிலாவுக்கு இதைச் செய்திருக்கிறார்கள். நிலா பூமிக்கு மிக அருகில் வந்து, மீண்டும் அதே நிலைக்கு வர 27.5546 நாள் ஆகிறது. அவர்கள் கையாண்ட பின்னம் 248/9: ஒன்பது சுற்றுக்கு 248 நாள். அந்த 248 நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியமாக மனப்பாடம். யூக்ளிடின் ஏணியில் இறங்கினால் 248/9 ஒரு படியாக வந்து நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

சி.என்.சி. வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பது நியாயம். புதிய ஹாபிங் மிஷினில் 53 என்று தட்டினால் 53 வந்துவிடும், மிஷினுக்குள் இருக்கும் யாரோ எழுதிய நிரல் மீதி பார்க்கும் வேலையைச் செய்கிறது. நான் பழைய கைப்பிடியை விரும்புவது பாசத்தால் அல்ல. பகாக் காரணி என்ற சொல்லைக் கையால் தொட்டுப் பார்க்க வேறு இடம் அதிகம் இல்லை.

விட்டுப்போன இரண்டு எண்களைப் பார்த்துவிடுவோம், 59-உம் 61-உம். இரண்டுமே பகா எண்கள், இரண்டுக்கும் நடுவே 60. 40/60 = 2/3, எந்தப் பிளேட்டிலும் கிடைக்கும். 59 பல்லுக்கு 60 என்று வைத்துக்கொண்டு நகர்த்தினால் 2/3 சுற்றுக் குறையும். 61-க்கு 2/3 சுற்று கூடிவிடும். ஆக 48, 72 என்ற அதே இரண்டு கியர்கள்தான். 59-க்குப் பிளேட் முன்னே போக வேண்டும், 61-க்குப் பின்னே. நடுவில் ஓர் ஐட்லர் கியரைக் கூட்டினாலோ எடுத்தாலோ திசை மாறிவிடும். 71, 73-க்கும் இதே கதை: நடுவே 72, கியர்கள் 40-உம் 72-உம். இரண்டு தள்ளி ஜோடியாக வரும் இந்தப் பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்கிறோம். 3, 5 ஜோடியை விட்டுவிட்டால் நடுவில் நிற்பது எப்போதும் 6-இன் மடங்காகத்தான் இருக்கும். எந்த எண்ணையும் 6-ஆல் வகுத்து மீதி பாருங்கள், 0, 2, 3, 4 வந்தால் அது 2-ஆலோ 3-ஆலோ வகுபட்டுவிடும். மிஞ்சுவது 1-உம் 5-உம் மட்டும். இந்த ஜோடிகளுக்கு முடிவுண்டா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 7 கோடிக்கும் குறைந்த இடைவெளியில் பகா எண் ஜோடிகள் முடிவின்றி வருகின்றன என்று யீட்டாங் ஜாங் 2013-இல் காட்டினார், அந்த இடைவெளி பிறகு 246-ஆகக் குறைந்தது. இரண்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

107-க்கும் 109-க்கும் நடுவே 108. அங்கே வேண்டிய விகிதம் 10/27, அது 40-உம் 32-உம் மேலே, 72-உம் 48-உம் கீழே வைத்தால் கிடைக்கும். ஆனால் 101-உம் 103-உம் வேறு ரகம். நடுவில் 102 இருக்கிறது. 40/102-ஐச் சுருக்கினால் 20/51, அந்த வட்டம் நம்மிடம் இல்லை. 102-ஐ விட்டுவிட்டு அருகில் வேறு எந்த எண்ணை எடுப்பீர்கள், மேலே உள்ள பதினொரு கியர்களில் எவற்றைக் கோப்பீர்கள், ஐட்லர் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?